அந்தோனி அண்ணையை இயந்திரம் பிடித்த நாள்

எனக்கு வயது எழுபத்துமூன்று. வளர்த்தது ஏழு பேரை. நாலு நான் பெற்றது, மூன்று என் தங்கையின் பிள்ளைகள். அவள் இந்தியாவுக்குப் போகிற வழியில் கடலோடு போனாள். ஏழு பேரும் உயிரோடும் தொழிலோடும் இருக்கிறார்கள். இதை முதலில் எழுதக் காரணம், கொழும்பிலிருந்து கம்பனிக்காரர் அனுப்பிய கடிதத்தில் ‘உங்கள் சாதனைகளைக் குறிப்பிடவும்’ என்று ஒரு வரி இருந்தது. என் சாதனை அதுதான். மற்றதெல்லாம் வேலை.

கம்பனி என்றால், வங்கிகளுக்குக் காசு இயந்திரம் கொண்டுவந்து வைத்து, அதைத் துடைத்து, திருத்தி, ஓட்டிக் கொடுக்கிற கம்பனி. நான் அவர்களிடம் பன்னிரண்டு வருடம் இருந்தேன். இப்போது அவர்கள் ஒரு நினைவு மலர் போடுகிறார்கள். அதில் பழைய ஆட்கள் எழுத வேண்டுமாம். எனக்குக் கொடுத்த தலைப்பு ‘மன்னாரில் எமது வெற்றிக்குக் காரணம்’. என் பேத்தி நிரோசா கடிதத்தை வாசித்துவிட்டு, “நான் எழுதிக் குடுக்கிறன் அம்மம்மா, வாடிக்கையாளரின்ர நம்பிக்கை எண்டு போட்டாச் சரி” என்றாள். நான் விடவில்லை. நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். ஒரு பக்கம் எழுத எனக்கு இரண்டு நாள் வேண்டும். ஆனாலும் காரணம் எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. காரணம் தங்கூசி. வலை பின்னுகிற, தூண்டிலில் கட்டுகிற அந்த நைலோன் நூல்.

இனி ஆறுதலாகச் சொல்கிறேன்.

சண்டை முடிந்து, இந்தியாவில் முகாமில் இருந்தவர்கள் நாங்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்த காலம். மன்னார்க் கடற்கரையில் கீரி என்ற எங்கள் ஊரில், சொந்தக் காணியில் தகரம் போட்டு இருந்தோம். அப்போது ஊர் முழுக்க முதலில் எழும்பியது மலசலகூடம்தான். வீட்டுக்கு முன்னம் அதைத்தான் கட்டிக் கொடுத்தார்கள். வெளிநாட்டுக்காரர் ஒரு பக்கம், பிரதேச சபைக்காரர் ஒரு பக்கம், ஆளுக்காள் போட்டிக்குக் கட்டினார்கள். ஆகையால் சந்தியில் கண்ணாடிக் கதவு போட்டு, நாலுக்கு ஐந்து அடியில், உள்ளே வெளிச்சமும் குளிரும் வைத்து ஒரு சின்ன அறை எழும்பியபோது சனம் அதை என்னவென்று நினைத்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. முதல் நாள் முதல் வந்த ஆள் கையில் வாளியோடு வந்தார். கண்ணாடியில் செய்திருக்கிறார்களே என்று கொஞ்சம் யோசித்துத்தான் நின்றாராம்.

அந்த அறைக்கும் உள்ளே நின்ற காசு இயந்திரத்துக்கும்தான் நான் பொறுப்பாள். வேலைக்கு ஆள் கேட்டபோது, “கண்ணாடி துடைச்சுப் பழக்கமோ?” என்று கேட்டார்கள். முகாமில் மாதாவின் கண்ணாடிக் கூட்டை நான் பதினெட்டு வருடம் துடைத்தவள் என்றேன். வவுனியாவில் மூன்று நாள் பயிற்சி. ஒன்பது ஆம்பிளைகளும் நானும். மூன்று நாளில் படித்தது ஒன்றுதான்: தண்ணீர் கூடாது.

துடைக்கிற முறை இது. வெள்ளைத் துணி திரைக்கு, மஞ்சள் துணி இலக்கப் பொத்தான்களுக்கு. மாற்றினால் குற்றம். திரையை மேலிருந்து கீழே, பொத்தான்களைக் கீழிருந்து மேலே. அட்டை போகிற வாய்க்குத் துணியே கூடாது, ஊதவும் கூடாது. அதற்கென்று ஒட்டிய உறையில் ஈரமான ஓர் அட்டை கிழமைக்கு ஒன்று வரும். அதை உள்ளே விட்டால் இயந்திரம் தன் வாயைத் தானே துடைத்துக்கொண்டு திருப்பித் தரும். மற்ற ஊர்களில் கண்ணாடியை ஒரு தரம் துடைத்தால் போதும் என்றார்கள். கீரிக் காற்றுக்கு மூன்று தரம். உப்புப் பூத்துவிடும். செருப்பை வெளியே கழற்றச் சொல்லி சட்டம் போட்டது கம்பனி இல்லை, நான். குளிர் அறைக்குள் மண் வந்தால் கூட்டுவது நான்தானே. வெளியே கிடக்கிற செருப்பை வைத்தே அன்றைக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று எனக்குத் தெரியும். ஒரு சோடியை நாய் கொண்டுபோன நாட்களைத் தவிர.

ஒரு கொப்பியும் தந்தார்கள். நாளுக்கு ஒரு வரி எழுத வேண்டும். என் எழுத்துக்கு அது பெரிய பாடு. ஆகையால் படம் கீறினேன். இயந்திரம் ஒழுங்காக ஓடினால் ஒரு சூரியன். கறண்ட் போனால் ஒரு புள்ளடி. அட்டையை விழுங்கினால் ஒரு மீன். விழுங்கின அட்டையை அலுமாரியில் இருக்கிற கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டி, உறையில் போட்டு, மேலாளர் கையால் வங்கிக்கு அனுப்ப வேண்டும். அது பெரிய சட்டம். அதில் கைவைக்கக் கூடாது.

எங்கள் மேலாளர் குணசீலன் சேர். அவர் வேலை பார்த்த கந்தோர் வவுனியாவில். மாதம் ஒருக்கால் வான் வண்டியில் வருவார். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனை, ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. சிவப்பு மூடி திறந்து நான் காணவில்லை. அது இருக்கிறது என்று நாங்கள் தெரிந்திருந்தால் போதும் அவருக்கு. சப்பாத்தை வாசலில் கழற்றி, இரண்டையும் ஒரே நேருக்கு வைத்து, உள்ளே வந்து நிற்பார். ஒருநாளும் கதிரையில் இருந்ததில்லை. இயந்திரத்திடமிருந்து கணக்குத் துண்டு ஒன்று எடுப்பார். இந்த மாதம் சனம் எத்தனை தரம் அழுத்தியது என்று அதில் இருக்கும். அதை வாசித்து, நாலாக மடித்து, சட்டைப் பையில் வைப்பார். நல்லதோ கெட்டதோ முகத்தில் இராது.

“நல்லமோ சேர்?” என்று கேட்டால், “பாப்பம் அம்மா” என்பார்.

எதைக் கேட்டாலும் அதுதான், பார்ப்போம். சம்பளம் கூடுமோ, பாப்பம். மழைக்கு முன்னம் கூரை திருத்துவினமோ, பாப்பம். ஒருநாள் உங்களுக்குப் பிள்ளைகள் இருக்கினமோ என்று கேட்டேன். வாய்ப்பழக்கத்தில் பாப்பம் என்று சொல்லிவிட்டு, வாசலில் சப்பாத்தைப் போட்டபிறகு, “இரண்டு பேர்” என்றார்.

கம்பனி எப்படிப் பிழைக்கிறது என்பதை அவர்தான் எனக்குச் சொன்னார்.

“அம்மா, நாங்கள் இந்த மிசினை வங்கிக்கு விக்கேல்லை. வைச்சுப் பாத்துக் குடுக்கிறம். ஒரு ஆள் ஒருக்கா அழுத்தினா எங்களுக்கு ஒரு சின்னக் கூலி. காசு எடுத்தாலும் ஒரு தரம்தான், மிச்சம் எவ்வளவெண்டு சும்மா கேட்டாலும் ஒரு தரம்தான். ஆரும் அழுத்தாட்டி மிசின் கறண்டைத் திண்டுகொண்டு நிக்கும். மூண்டு மாசத்துக்கு ஒன்பதாயிரம் தரம் அழுத்தவேணும். இல்லாட்டிக் கழட்டிக்கொண்டு போவினம்.”

“என்னையும் கழட்டுவினமோ சேர்?”

“பாப்பம் அம்மா.”

அதுவே எனக்கு மறுமொழி. என் வாழ்க்கையில் என் பெயருக்கு மாதச் சம்பளம் வந்த முதல் வேலை அது. ஏழு பேரில் நாலு பேர் அப்போதும் என் கையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். இயந்திரம் போனால் நான் திரும்பவும் மீன் காயவைக்கிற கருவாட்டுவாடிக்குக் கூலிக்குப் போக வேண்டும்.

அழுத்த வேண்டிய சனமோ அழுத்தவில்லை. காரணம், எங்கள் ஆட்களின் அட்டைகளில் ஓட்டை.

இதைக் கொழும்புக்காரருக்கு விளங்கப்படுத்துவது கஷ்டம். எங்களுக்கு அட்டை என்றால் கழுத்தில் கட்டுவது. முகாமில் அப்படித்தான். வாசலுக்கு அட்டை, அரிசிக்கு அட்டை, ஆஸ்பத்திரிக்கு அட்டை. கழுத்தில் அட்டை இல்லாதவன் உள்ளே இருந்தாலும் வெளியாள்தான். எருக்கலம்பிட்டியிலிருந்து புத்தளத்து முகாமில் போய் இருந்துவிட்டு வந்த முஸ்லிம் சனத்துக்கும் அதே பழக்கம். ஆகையால் வங்கி புதிதாக அட்டை கொடுத்ததும், எல்லாரும் வீட்டுக்குக் கொண்டுபோய் முதல் செய்த வேலை, குடைக்கம்பியை நெருப்பில் காய்ச்சி ஓட்டை போட்டு, தங்கூசி கோத்துக் கழுத்தில் கட்டியது. நானும் கட்டினேன். பலருடைய ஓட்டை அட்டையின் முதுகில் இருக்கிற கறுப்புக் கோட்டுக்கு மேலே. இயந்திரத்துக்கு வாசிக்கிற இடம் அதுதான். ஒன்றில் துப்பும், இல்லாவிட்டால் விழுங்கும். என் கொப்பியில் பக்கத்துக்குப் பக்கம் மீன்.

வெட்டிய அட்டைகள் எல்லாம் கொழும்புக்குப் போயின. அங்கே ஆரோ பெரிய ஆள் அவற்றைப் பொருத்தி வைத்துப் பார்த்திருக்கிறார். எல்லா அட்டையிலும் உருண்டையாக ஓட்டை, ஓரத்தில் உருகின மாதிரி. என்னுடைய கொப்பியின் படங்களையும் பார்த்திருக்கிறார். கடைசியில் ஒரு நாள் முகத்தில் துணி கட்டிய இரண்டு பேர் முதுகில் மருந்துத் தாங்கியோடு வந்து இறங்கினார்கள்.

“என்ன தம்பி?”

“வண்டு அம்மா. மிசினுக்குள்ள பிளாஸ்ரிக் துளைக்கிற வண்டு இருக்காம்.”

நான் என் கழுத்தில் கிடந்த அட்டையை எடுத்துக் காட்டினேன். “வண்டு என்ர வீட்டில இருக்கு. குடைக்கம்பி. வேணுமெண்டால் கொண்டுவந்து காட்டுறன்.”

அவர்கள் இரண்டு பேரும் என் அட்டையைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பெரியவன் சொன்னான், “அம்மா சொல்லுறது சரி. ஆனா பாருங்கோ, மருந்தடிக்கச் சொல்லித்தான் கையெழுத்தாகி வந்திருக்கு.”

அடித்தார்கள். ஒரு பல்லி வெளியே வந்து செத்தது. வண்டு கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டது என்று அறிக்கை போனதாம். அவர்கள் போனபிறகு நான், எந்த மூலையில் ஓட்டை போட்டால் இயந்திரம் கோபிக்காது என்று என்னுடைய அட்டையிலேயே பார்த்தேன். கீழ் வலது மூலை. பெரிதாக ஒரு அட்டையின் படம் கரியால் கீறி, அந்த மூலையில் ஒரு வட்டம் போட்டு, வாசலில் ஒட்டினேன். வங்கி புது அட்டைகள் கொடுத்தது. சனம் மூலையில் ஓட்டை போட்டது. மீன் குறைந்தது, சூரியன் கூடியது. கொழும்பில் மருந்தைப் புகழ்ந்தார்களாம்.

இருந்தும் காலம் போய்விட்டது. அந்த மூன்று மாதத்தின் கடைசி நாள் விடிந்தபோது, குணசீலன் சேர் தொலைபேசியில் சொன்னார், இன்னும் நானூற்றுப் பன்னிரண்டு தரம் குறைகிறதாம். கணக்கு பின்னேரம் நாலு மணிக்குப் பூட்டுமாம். கம்பனியின் பெரிய ஐயாவும் அன்றைக்குக் கொழும்பிலிருந்து வருகிறாராம், வைப்பதா கழற்றுவதா என்று பார்க்க. ஒரு நாளைக்கு நூறு செருப்புக் கண்டால் எனக்கு அது பெருநாள். நானூறுக்கு நான் எங்கே போவேன்.

பதினொரு மணிபோல அந்தோனி அண்ணை வந்தார். கீரிக் கடல்தொழிலாளி, என்னைவிடப் பத்து வயது மூப்பு, கட்டையான ஆள். சாறத்தை மடித்துக் கட்டி, உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். அவர் கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றுகிற பழக்கம் இல்லாதவர் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அட்டை கழுத்தில் கிடந்தபடியே, ஆள் குனிந்து, அதை அப்படியே இயந்திரத்தின் வாயில் விடுவாராம். நூல் பழசாக இருந்தவரை பிழையில்லை. அதற்கு முந்தின நாள்தான் புதுத் தங்கூசி மாற்றி, அட்டைக்குப் பக்கத்தில் நல்ல மொத்த முடிச்சாகப் போட்டிருந்தார். அட்டையோடு முடிச்சும் உள்ளே போய், வாயின் தகட்டுக்குப் பின்னால் கொழுவிக்கொண்டது.

“பிலோமினா,” என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. பயந்த சத்தமில்லை. “இஞ்ச ஒருக்கா வா பிள்ளை. இது என்னைப் பிடிச்சிட்டுது.”

போய்ப் பார்த்தேன். தாடை பொத்தான்களில் முட்ட, ஆள் இயந்திரத்தை முத்தமிடுகிற மாதிரி நிற்கிறார். திரையில் ‘வேறு சேவை வேண்டுமா? ஆம், இல்லை’ என்று எழுத்து.

“ஒண்டையும் அழுத்தாதேங்கோ அண்ணை.”

“அப்ப?”

எனக்கு அந்த இயந்திரத்தின் குணம் தெரியும். ‘இல்லை’ என்றால் அட்டையை வெளியே தள்ளிப் பார்க்கும். முடிச்சு விடாது. ஆரும் எடுக்கவில்லை என்று நினைத்து முப்பது எண்ணுகிற நேரத்தில் விழுங்கிவிடும். சும்மா நின்றாலும் ‘இல்லை’ என்றுதான் எடுக்கும். விழுங்கினால் கத்தரிக்கோல்.

“‘ஆம்’ எண்டதை அழுத்துங்கோ. மிச்சம் எவ்வளவெண்டு கேளுங்கோ.”

அழுத்தினார். இரகசிய இலக்கம் கேட்டது, கொடுத்தார். மிச்சம் காட்டியது. திரும்பவும் ‘வேறு சேவை வேண்டுமா?’ திரும்பவும் ஆம்.

நான் அவருக்குப் பின்னால் போய், “நூலை வெட்டிவிடட்டே அண்ணை, உங்கட கழுத்தாவது மிஞ்சும்” என்றேன்.

“நூலைத் தொட்டியெண்டால் உன்னை மன்னிக்கமாட்டன்.”

“புது நூல் நான் வாங்கித் தாறன்.”

“நூலுக்காகவோ சொல்லுறன்?” அவர் ஆம் அழுத்தினார். “முகாம் வாசலில ஒருத்தன் என்ர அட்டையைக் கழுத்தோட வைச்சு வெட்டி எடுத்தவன். விசாரிச்சுத் தாறம் எண்டான். ஏழு மாசம். ஏழு மாசம் நான் ஆரெண்டு நானே சொல்லித் திரிஞ்சன், ஒருத்தரும் நம்பேல்லை. என்ர மனுசி வெளியில செத்தவள், என்னை வாசலால விடேல்லை. இந்த அட்டையில என்ர பேர் அச்சில கிடக்கு பிள்ளை. இதை இன்னொருத்தன் வெட்ட நான் விடமாட்டன்.”

நான் கத்தரிக்கோல் இருக்கிற அலுமாரியைப் பார்த்தேன். பிறகு அவருக்கு ஒரு கதிரை கொண்டுவந்து கொடுத்தேன். அதில் உட்கார்ந்தால் கழுத்து இயந்திரத்தின் வாய்க்குச் சரியாக வந்தது. சேருக்குத் தொலைபேசி எடுத்தேன். வழியில் வருகிறேன் என்றார்.

அதற்குள் சந்தி முழுக்கச் செய்தி போய்விட்டது. முதலில் வந்தது எருக்கலம்பிட்டி ரமீசா. சந்தியில் இடியப்பம் விற்கிறவள். கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“பிலோமினாக்கா, நான் கட்டின மனுசனைக்கூட இவ்வளவு நேரம் ஒரு இடத்தில பிடிச்சு வைக்கேல்லை. இந்த மிசின் கெட்டிக்காரி.”

“சும்மா இரு. அவருக்குத் தேத்தண்ணி கொண்டு வா.”

“தேத்தண்ணி குடுத்தால் பிறகு ஒதுங்க எங்க விடப்போறியள்?”

அது சரியான கேள்வி. அரைக் கோப்பையோடு நிறுத்தினோம். சனம் சேரச் சேர வரிசையாகிவிட்டது. எங்கள் ஆட்களுக்கு முகாமிலிருந்து அதுவும் பழக்கம், மூன்று பேர் நின்றால் நாலாவது ஆள் பின்னால்தான் நிற்பான். ஒவ்வொருவராக உள்ளே வந்து, அந்தோனி அண்ணையைப் பார்த்து, சுகம் விசாரித்துவிட்டுப் போனார்கள். அவருடைய இரகசிய இலக்கம் ஊருக்கே தெரிந்துபோகப் போகிறதே என்று நான் துணியால் மறைத்தேன்.

“மறைக்காத பிள்ளை,” என்றார். “அது என்ர வள்ளத்தின்ர இலக்கம். இரண்டு பக்கமும் பெரிசா எழுதி வைச்சிருக்கிறன்.”

ஒன்றரை மணிக்குக் குணசீலன் சேர் வந்தார். சப்பாத்தைக் கழற்றி நேராக வைத்தார். உள்ளே வந்து, நூலைப் பார்த்தார், முடிச்சைப் பார்த்தார், அந்தோனி அண்ணையின் விரலைப் பார்த்தார். பிறகு தன் மணிக்கூட்டைப் பார்த்தார். அவருக்கு விளங்கியது எனக்கும் அந்த நேரம்தான் விளங்கியது. இயந்திரத்தை நிறுத்தி, பின்பக்கத்தைத் திறந்தால் ஐந்து நிமிடத்தில் அட்டையை எடுக்கலாம். நிறுத்தினால் அன்றைய கணக்கு அவ்வளவுதான். திரும்ப எழும்ப மூன்று மணித்தியாலம் எடுக்கும். நிறுத்தாவிட்டால், இந்த மனிதன் அழுத்துகிற ஒவ்வொரு ஆமும் ஒரு தரம்.

அவருடைய தொலைபேசி அடித்தது. கொழும்பிலிருந்து. அங்கே பெரிய திரையில் எல்லா ஊர் இயந்திரமும் தெரியுமாம். மன்னார் காலையிலிருந்து ஓய்வில்லாமல் ஓடுகிறது, என்ன விசேஷம் என்று கேட்டார்களாம். “சனம் வருது” என்றார் சேர். அது பொய்யில்லை. சனம் வரத்தான் செய்தது.

பிறகு அவர் குனிந்து, மெதுவாக, “ஐயா, நாலு மணி வரைக்கும் இப்பிடி இருக்க ஏலுமோ?” என்று கேட்டார்.

“கடலில இதைவிடக் கனநேரம் இருந்தனான். இருக்கலாம்.” ஆம் அழுத்தினார். “ஆனா நாலு மணிக்குப் பிறகு என்ர அட்டையை வெட்டுவியளோ?”

“அது வங்கிச் சட்டம் ஐயா.”

“வெட்டுவியளோ, மாட்டியளோ?”

“பாப்பம் ஐயா.”

அந்தோனி அண்ணை தன் விரலை ‘ஆம்’ என்ற பொத்தானிலிருந்து எடுத்தார். எடுத்து, ‘இல்லை’ என்ற பொத்தானுக்கு மேலே வைத்தார். அழுத்தவில்லை, சும்மா வைத்தார்.

“தம்பி, பாப்பம் எண்டால் நான் இப்பவே பாக்கிறன். விழுங்கட்டும். நீங்கள் வெட்டுங்கோ. உங்கட மிசினையும் கழட்டுங்கோ.”

முப்பது எண்ணுகிற நேரம் எவ்வளவு என்று எனக்கு மனதில் தெரியும். நான் பதினெட்டு எண்ணிவிட்டேன். குணசீலன் சேரின் வாய் இரண்டு தரம் திறந்து மூடியது. இருபத்திரண்டில் சொன்னார்:

“ஓம்.”

“என்ன ஓம்?”

“வெட்டமாட்டன். உங்கட கையில நூலோட தருவன்.”

விரல் திரும்பி ஆமுக்கு வந்தது. நான் போய் வெளியே ஒருமுறை மூச்சு விட்டு வந்தேன்.

மூன்றரைக்குப் பெரிய ஐயா வந்து இறங்கினார். தமிழ் தெரியாதவர், நல்ல மனிதர். சந்தியிலிருந்து வாசல் வரை சனம் வரிசையாக நிற்கிறது, படியில் செருப்பு வைக்க இடமில்லை. அவர் முகம் மலர்ந்துவிட்டது. உள்ளே ஒருவர் கதிரை போட்டு இருந்து, இயந்திரத்துக்குப் பக்கத்தில் தலையை வைத்து, விடாமல் அழுத்துகிறார். இது ஆர் என்று கேட்டார். குணசீலன் சேர் ஆங்கிலத்தில் என்னவோ சொன்னார். எங்களுடைய மிகவும் பற்றான வாடிக்கையாளர் என்று சொன்னதாகப் பிறகு அறிந்தேன். பெரிய ஐயா கை கொடுக்க வந்தார். அந்தோனி அண்ணையின் வலது கை வேலையில் இருந்தது. ஆகையால் திரும்பாமலே இடது கையைக் கொடுத்தார். படம் எடுத்தார்கள். படத்தில் நூல் தெரியவில்லை. தங்கூசி அப்படித்தான், மீனுக்கே தெரியாது. அந்தப் படம் கொழும்புக் கந்தோரின் வாசலில் சட்டம் போட்டுத் தொங்கியது என்று கேள்வி.

பெரிய ஐயா பத்து நிமிடத்தில் சந்தோஷமாகப் போனார். மூன்று ஐம்பத்திரண்டுக்கு ரமீசா, கொழும்பு சொன்ன கணக்கிலிருந்து வெளியே நின்று எண்ணிக்கொண்டிருந்தவள், நானூற்றுப் பன்னிரண்டு என்று கண்ணாடியில் தட்டினாள். அந்தோனி அண்ணை நம்பவில்லை. நாலு மணி வரை அழுத்தினார். எண்ணுகிற ஆளில் நம்பிக்கையில்லை என்றார்.

நாலு அடித்தது. சேர் இயந்திரத்தை நிறுத்தினார். பின்பக்கத்தைத் திறந்து, கையை விட்டு, தகட்டைத் தூக்கிப் பிடித்தார். அட்டை வந்தது. நூலும் முடிச்சும் முழுசாக.

நான் சட்டப்படி அலுமாரியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து மேசையில் வைத்தேன். வைக்காமல் விட்டால் நாளைக்குப் பிழை என் தலையில் வரும். சேர் கத்தரிக்கோலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் அதைத் திரும்ப எடுத்து அலுமாரியில் வைத்துப் பூட்டினேன்.

அந்தோனி அண்ணை கழுத்தைத் தடவினார், அட்டையில் தன் பெயரை விரலால் ஒருக்கால் தடவினார். பிறகு சாறத்தைப் பிடித்துக்கொண்டு சபைக்காரர் கட்டிய மலசலகூடத்துக்கு ஓடினார். அந்த ஊரில் அதற்குக் குறைவில்லை என்று சொன்னேனே.

“கொப்பியைத் தாங்கோ அம்மா,” என்றார் சேர்.

அன்றைய வரியில் நான் சூரியனைக் கீறியிருந்தேன். அவர் கனநேரம் பார்த்தார்.

“மீன் எங்க அம்மா?”

“இண்டைக்கு மீன் படேல்லை சேர்.”

அவர் பையிலிருந்து சிவப்புப் பேனையை எடுத்தார். மூடி இறுகிப்போயிருந்தது, பல்லால் இழுத்துத் திறந்தார். என் சூரியனுக்குப் பக்கத்தில் ஒரு சரி போட்டார். கணக்குத் துண்டை நாலாக மடித்துப் பையில் வைத்தார். அந்தப் பேனை மை கசிந்து, அவர் சப்பாத்துப் போடும்போது வெள்ளைச் சட்டையில் ஒரு சிவப்புப் பொட்டு. நான் சொல்லவில்லை.

மற்றதைக் கம்பனிக்காரரே, நீங்கள் அறிவீர்கள். இயந்திரத்தைக் கழற்றவில்லை, அங்கேயே நின்றது. நானும் நின்றேன். மன்னாருக்கு ஒரு கேடயம் வந்தது. ஒரே ஆள் ஒரே நாளில் நானூறு தரத்துக்கு மேல் மிச்சம் கேட்டிருக்கிறாரே என்று ஆராய இரண்டு பேரை அனுப்பினீர்கள். அந்தோனி அண்ணை அவர்களுக்குச் சொன்ன மறுமொழியை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். “அது வேற சேவை வேணுமோ எண்டு கேட்டுது. கேக்கிறவைக்கு நாங்கள் இல்லையெண்டு சொல்லுறதில்லை.” அவர்கள் அதை எழுதிக்கொண்டு போனார்கள். மற்ற ஊர் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள் எனக்குத் தொலைபேசி எடுத்து இரகசியத்தைக் கேட்டார்கள். ஒரு கதிரை வையுங்கோ என்றேன். வடக்கு முழுக்கக் கதிரை வைத்தீர்கள். அது எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை.

போன வருடம் அந்தோனி அண்ணை செத்தார். அட்டை காலம் முடிந்து எத்தனையோ வருடமாகியும் கழுத்தில்தான் கிடந்தது. பெட்டியை மூடமுதல் மகள் அதைக் கழற்றப் போனாள். நான் கையைப் பிடித்தேன். போகிற இடத்து வாசலில் கேட்டாலும் கேட்பார்கள்.

குணசீலன் சேர் இளைப்பாறி வவுனியாவில் இருக்கிறார். இதை எழுதலாமோ, உங்களுக்குக் கரைச்சல் வருமோ என்று முந்தாநாள் தொலைபேசியில் கேட்டேன். பாப்பம் என்பார் என்று நினைத்துக்கொண்டுதான் கேட்டேன். “ஓம் அம்மா, எழுதுங்கோ,” என்றார்.

நிரோசா, இஞ்ச வந்து இரு. கதிரையை இழுத்துப் போடு. இதை முதலில இருந்து எனக்கு வாசி. சேர் அந்தோனி அண்ணைக்கு ஓம் எண்ட இடம் வந்தால் கொஞ்சம் நிப்பாட்டி, இருபத்திரண்டு வரைக்கும் எண்ணிப்போட்டு வாசி.